சுத்தமான வானம்

காக்கிநாடாவின் வானத்தைப் போல ஒழுக்கமான வானம் உலகில் வேறெங்கும் இருந்ததில்லை. பறவைகள் மட்டும் அனுமதியின்றிப் பறந்தன. அதற்கும் கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. எல்லாப் புகழும் 'அலைவரிசைத் தூய்மை அலுவலக' அதிகாரி ஜோகாராவுக்கே சேரும்.

கல்லூரியில் இயற்பியல் நடத்தும் ஹைமாவதி, உரிமம் பெற்று வானொலியில் பேசும் அமெச்சூர்களில் ஒருத்தி. அவளுடைய வானொலிப் பெட்டியைச் சோதிக்க ஜோகாராவ் வந்தார், இரண்டு பெசரட்டு சாப்பிட்டார், பிறகு சோதித்தார்.

"மேடம், இது உங்களுக்கு அனுமதிச்ச அலைவரிசைக்கு வெளியேயும் பேசும் போலிருக்கே."

"பேசும் சார். நான் பேசமாட்டேன்."

"பேச முடிஞ்சும் பேசாம இருக்கறது உங்க நல்ல குணம். பேசவே முடியாம செய்யறது சட்டம்."

"புயல், வெள்ளம்னு வந்தா?"

"விண்ணப்பம் குடுங்க. மூணு பிரதி."

பெட்டிக்குள் ஒரு கம்பியைக் கத்தரித்து அரக்கு முத்திரை வைத்தார். "கேக்கறதுக்குத் தடையில்ல. காது கடவுள் குடுத்தது" என்றார் பெருந்தன்மையாக. ஊரில் மற்ற மூன்று அமெச்சூர்களின் பெட்டிகள் ஏற்கெனவே அவரது அலமாரியில் 'பாதுகாப்பாக' இருந்தன; படகுக்காரன் ஒருவனிடம் பிடுங்கிய பேட்டரி வயர்லெஸ் செட் அவரது மேசைமேல் இருந்தது.

நவம்பரில் புயல் வந்தது, விண்ணப்பிக்காமலேயே. கைபேசிக் கோபுரங்கள் சாய்ந்தன, மின்சாரம் போயிற்று. ஹைமாவதி கார் பேட்டரியில் பெட்டியை ஓட்டினாள். மீன்பிடிப் படகுகளுக்கான அலைவரிசையில் ஒரு குரல் வந்தது.

"யாராவது இருக்கீங்களா? நான் ஜோகாராவ். ஆபீஸ் மொட்டைமாடியில நிக்கறேன். தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. எனக்கு நீச்சல் தெரியாது."

சிரித்திருக்க வேண்டும். அவளோ பேச்சுக்கருவியை எடுத்தாள். கத்தரித்த கம்பியைப் பற்றவைக்கும் கருவிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும்; கார் பேட்டரி போதாது. அனுமதித்த அலைவரிசையில் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டிய மூன்று பெட்டிகளும் ஜோகாராவின் அலமாரியில் நனைந்துகொண்டிருந்தன.

"யாருக்குமே கேக்கலையா? அப்போ குதிச்சிடறேன். மரம் எதையாவது புடிச்சிக்கறேன்."

"குதிக்காதீங்க சார், வர்றோம்" என்று ஹைமாவதி கத்தினாள். சுவர் கேட்டுக்கொண்டது.

இடுப்பளவு தண்ணீரில் நடந்து, படகுக்கார நூக்கராஜுவின் வீட்டை அடைந்தாள்.

"என் செட்டைப் புடுங்கிட்டுப் போனாரே, அவரா மேடம்?"

"அவரேதான். உன் செட்டுலதான் கூப்புடறாரு."

நூக்கராஜு படகின் கட்டை அவிழ்த்தான். பிறகு துடுப்பை எடுத்தான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஜோகாராவ் குதித்திருந்தார். வேப்பமரக் கிளையில் தொங்கினார். உயிர் இருந்தது, வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

ஒருவர் குரலை வானொலியில் கேட்டால், கேட்டதற்குச் சான்றாக அஞ்சலட்டை அனுப்புவது அமெச்சூர்களின் மரபு. ஹைமாவதி மரபை மீறுகிறவள் அல்ல. ஆஸ்பத்திரி முகவரிக்கு ஓர் அட்டை போட்டாள்:

'ஜோகாராவ் அவர்களுக்கு வணக்கம். காலை ஒன்பது பத்திலிருந்து, நான் கிளம்பிய ஒன்பதரை வரை, தங்கள் குரல் மிகத் தெளிவாகக் கேட்டது. "குதிக்காதீர்கள்" என்று பதில் சொன்னேன். அதைத்தான் தாங்கள் முன்கூட்டியே கத்தரித்துவிட்டீர்கள்.'