லால்குடியில் ஒரு காதுகுத்து

காசிநாதன் அந்த வெள்ளிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை எந்த மனிதனிடமும் பேசுவதில்லை. மனைவியிடம்கூட.

அவர் பார்த்த உத்தியோகம் அப்படி. திருச்சிக்கு வெளியே பைபாஸ் ஓரமாக இருந்த ஒரு இன்ஜினியரிங் காலேஜில் அவர் அட்மிஷன் ஆபீசர். பெயர்தான் ஆபீசர். ஆபீசில் அவருக்கு நாற்காலி கிடையாது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மாணவர் சேர்க்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் அவர் குடியிருந்த தெருவில் அவருக்குப் 'பிள்ளை பிடிக்கிறவர்' என்று பெயர்.

அந்த வாரம் பிடிபட்டவர் அவர்தான். ஜீயபுரத்தில் ஒரு வாழைக் கொல்லை வரப்பில் நின்றபடி, உள்ளே தார் வெட்டிக்கொண்டிருந்தவரை ஒரு பையனின் அப்பா என்று நினைத்து, கம்ப்யூட்டர் சயின்ஸின் பெருமையைக் கத்திச் சொன்னார். கால் மணி நேரம் கேட்டுவிட்டு அந்த மனிதர் வெளியே வந்தார். "எனக்குப் பொண்ணுங்க. ரெண்டுக்கும் கல்யாணம் ஆயிருச்சு. நீங்க தேடற ஆளு அடுத்த கொல்லை" என்றார். அடுத்த கொல்லைக்காரர் வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே மூன்று காலேஜ் ஆபீசர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பையன் ஒருத்தன், ஆபீசர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் டீ வந்தது. பையன் வரவில்லை. கொல்லைப்புறமாக ஓடிவிட்டான்.

போன ஊரிலெல்லாம் இடமும் நேரமும் பதிகிற மாதிரி செல்போனில் படம் எடுத்து டீனுக்கு அனுப்ப வேண்டும். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன்னைத்தானே எடுத்த படம் அந்த மாதத்தில் மட்டும் அறுபத்து மூன்று. இருபது பேரைச் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். சேர்ந்தது பதினாறு. திங்கட்கிழமைக்குள் மீதி நாலு வராவிட்டால் ராமநாதபுரம் பக்கம் ஒரு மாசம் டூர் என்று டீன் சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் மனைவி கமலவல்லி ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை லால்குடில சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. ரெண்டு பேரும் போறோம்."

"ஞாயித்துக்கிழமையா? வையம்பட்டில டூர் இருக்கே, கமலா."

"லீவு நாள்லயுமா?"

"அன்னிக்குத்தான் அப்பாமாருங்க வீட்ல இருப்பாங்க."

"சரி, போயிட்டு வாங்க."

இத்தனை சுலபமாகக் காரியம் முடிந்ததில் காசிநாதனுக்கே கொஞ்சம் ஏமாற்றம். இன்னும் நாலு பொய் தயாராக வைத்திருந்தார்.

பொன்மலையில் அவருடைய நண்பர் ஆரோக்கியராஜ் குடியிருந்தார். ரயில்வேக்காரர். குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருந்தார். சாவி காசிநாதனிடம் இருந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் காசிநாதன் அந்த வீட்டில் கைலிக்கு மாறி, மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டுப் படுத்தார். ஒன்பது மணிக்குக் கமலவல்லி போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"வையம்பட்டி பஸ் ஸ்டாண்டுல."

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒரு ரயில் நீளமாக ஊதியது.

"பஸ் ஸ்டாண்டுல ரயில் ஊதுதே?"

"வையம்பட்டிலயும் ஸ்டேஷன் இருக்கு, கமலா."

"ஆமால்ல. சரி, சாப்பிடுங்க."

தன் பூகோள அறிவை மெச்சிக்கொண்டே திரும்பிப் படுத்தார். அரை மணி ஆகியிருக்காது, டீன் அழைத்தார்.

"காசிநாதன், லீவுன்னு தெரியும். ஆனா உங்களுக்கு யோகம். நாச்சியார்னு ஒரு அம்மா லால்குடிலேருந்து பேசினாங்க. நாலு பசங்க, ஒரே எடத்துல, அப்பா அம்மாவோட ரெடியா இருக்காங்களாம். பதினோரு மணிக்குள்ள வந்தாத்தான் உண்டாம். இல்லேன்னா வேற காலேஜ்காரன் வந்துடுவானாம். லொக்கேஷன் அனுப்பறேன்."

நாலு! சரியாக நாலு! காசிநாதன் ஒரே துள்ளலில் பேன்ட்டுக்குள் இறங்கினார். ஆரோக்கியராஜின் ஸ்கூட்டரை எடுத்தார். காவிரிப் பாலம் தாண்டியபோதுதான் நோட்டீஸ் கட்டு தன் வீட்டிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்ப நேரமில்லை. வாயை வைத்துச் சமாளிக்கலாம் என்று ஸ்கூட்டரை விரட்டினார். காதுகுத்தும் அதே லால்குடியில்தான் என்பது மட்டும் அவர் புத்தியில் உறைக்கவே இல்லை.

லொக்கேஷன் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. வாசலில் வாழைமரம், மைக்செட், பன்னீர்ச் செம்பு. செம்பைப் பிடித்திருந்தவள் கமலவல்லி.

"வாங்க சார். நாச்சியார் நான்தான்" என்று பன்னீரைத் தெளித்தாள்.

காசிநாதன் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"டீன் எப்ப போன் பண்ணாரு?" என்று கேட்டாள்.

"ஒம்பதரைக்கு."

"இப்ப மணி பத்து இருபது. வையம்பட்டிலேருந்து லால்குடிக்கு அம்பது நிமிஷமா? பறந்து வந்தீங்களா?"

"வழியில லிஃப்ட்..."

"காதுகுத்துக்கு வாங்கன்னா எனக்கே காது குத்துறீங்களே! டூருக்குப் போற மனுஷன் நோட்டீஸை வச்சுட்டு, மடிச்ச கைலிய எடுத்துட்டுப் போவாரா? பையை நீங்க தூக்கினப்பவே தெரிஞ்சுபோச்சு."

"கமலா, ஒரு நாள் வாயை மூடிக்கிட்டுப் படுக்கலாம்னு..."

"அதைச் சொல்லியிருந்தா நான் கதவைச் சாத்திட்டு வந்திருப்பேன். பதினோரு விசேஷத்துக்குத் தனியாப் போயிருக்கேங்க. 'அவரு வரலையா'ன்னு கேட்டவங்களுக்கெல்லாம் வையம்பட்டி, வையம்பட்டின்னு சொல்லிச் சொல்லி, வையம்பட்டில உங்களுக்கு இன்னொரு குடும்பம் இருக்குன்னு எங்க சித்தி முடிவே பண்ணிட்டா."

அவளுக்குப் பின்னால் நின்ற சித்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வாங்க மாப்ளே. அங்க எல்லாரும் சௌக்கியமா?" என்றாள்.

நாலு பையன்கள் என்னவோ நிஜம். சொந்தக்காரப் பையன்கள். பெற்றோரோடு பந்தலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மடியிலும் ஒரு நோட்டீஸ். கட்டைக் கமலவல்லி முதல் பஸ்ஸிலேயே கொண்டுவந்துவிட்டாள்.

காசிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு லேப், லைப்ரரி, பஸ் வசதி என்று அடுக்கினார். முடித்ததும் முன்வரிசையில் இருந்த பிச்சமுத்து என்ற அப்பா கை தூக்கினார்.

"இனிமே எல்லா வேலையையும் ஏ.ஐ.யே பாத்துக்கும்னு சொல்றாங்க. அந்த ஏ.ஐ.யை என் பையன் நாலு வருஷம் படிச்சா, அப்புறம் வேலையை யாரு பாப்பா?"

மூன்று வாரமாக ஊர் ஊராக இதே கேள்வி. காசிநாதன் மறுபடியும் லேபிலிருந்து ஆரம்பித்தார். பிச்சமுத்து அவரை விட்டுவிட்டுக் கமலவல்லி பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு தங்கச்சி. சேக்கலாமா?"

நாலு குடும்பமும் அவளைப் பார்த்தது. காசிநாதனும் பார்த்தார். ராமநாதபுரம் அவர் கண்ணுக்குள் வெயிலாகத் தகித்தது. கமலவல்லி அவசரப்படவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"தாராளமா சேருங்கண்ணே. ரொம்பக் கண்டிப்பான காலேஜ். ஞாயித்துக்கிழமைகூட மனுஷனைத் தூங்க விட மாட்டாங்க."

"அப்படியா!" என்றார் பிச்சமுத்து. "என் பையனுக்கு அதான் வேணும்."

கால் மணி நேரத்தில் நாலு விண்ணப்பமும் கையெழுத்தாகிவிட்டது. குழந்தைக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் மடியில் அது போட்ட அலறலைக் காசிநாதன் மிகுந்த புரிதலோடு கேட்டார். பிறகு பந்தியில் சாம்பார் வாளி அவர் கைக்கு வந்தது. மூன்றாவது வரிசையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது டீன் மறுபடியும் அழைத்தார். தோளில் போனை இடுக்கிக்கொண்டார்.

"பிரமாதம், காசிநாதன்! இருபதும் ஆச்சு. அந்த நாச்சியார் அம்மா இப்பத்தான் பேசினாங்க. என்ன தெளிவு, என்ன திறமை! அந்தப் பக்கம் பூரா அவங்களுக்குச் சொந்தமாம். இனிமே உங்க டூர் புரோகிராமை அவங்களே போட்டுத் தரேன்னுட்டாங்க. நீங்களா எதையும் யோசிக்க வேண்டாம். அவங்க சொல்ற ஊருக்கு, சொல்ற நேரத்துக்குப் போனாப் போதும்."

அந்த அம்மா யார் என்று சொல்லலாம். சொன்னால் பொன்மலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"சரி சார்" என்றார் காசிநாதன்.

இருபத்திரண்டு வருஷமாக வீட்டில் இருந்த ஏற்பாடு இப்போது ஆபீசிலும் வந்துவிட்டது.