ஐந்தரைக்கு யார் பதில் சொல்வது

புலாவ் திக்குஸ், பினாங்கு

பட்டர்வொர்த்தில் இருக்கும் அன்புத் தம்பி சிவநேசனுக்கு அக்கா எழுதுவது. நீயும் மோகனாவும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உன் முழங்கால் வலியை அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன், இப்போது நேரமில்லை.

முப்பது வருடம் வக்கீல் ஆபீசில் இருந்தவன் நீ. எனக்குக் காரமாக ஒரு நோட்டீஸ் எழுதித் தர வேண்டும்.

வியாழக்கிழமைதோறும் நான் ஆங்கிலக் கட்டுரை சொல்லிக்கொடுக்கும் டியூஷன் சென்டரின் முதலாளி ஷஃபீக், இனி ஆங்கிலத் திறன் தேர்வின் எழுத்துத் தாளில் ஒன்பதுக்கு ஏழாவது வாங்கிய ஆசிரியர்களுக்குத்தான் வகுப்பு என்று சொல்லிவிட்டான். "டீச்சர், உங்களுக்கு இது சும்மா ஃபார்மாலிட்டி லா" என்று வேறு சிரித்தான். பதினோரு வருடம் கான்வென்டில் சிஸ்டர்களிடம் பிரம்படி வாங்கி ஆங்கிலம் கற்ற நான், எழுபத்து மூன்று வயதில் போய் நான்கு பக்கம் எழுதினேன், ஓர் அடித்தல் கிடையாது, அந்த அறையில் கூடுதல் தாள் கேட்டவள் நான் ஒருத்திதான், அதற்கு ஐந்தரை போட்டிருக்கிறார்கள். என்னிடம் படித்த அதிராவுக்கு ஏழரை. எந்தக் கேள்வி வந்தாலும் ஒரே முன்னுரையை ஒப்பிக்கிறவள் அவள். அந்த முன்னுரையும் நான் எழுதிக் கொடுத்தது.

தேர்வு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் நஜ்வா என்று ஒரு பெண்.

"யாரும்மா என் தாளைத் திருத்துனது?"

"ரெண்டு பேர் திருத்துவாங்க ஆன்ட்டி. பேரெல்லாம் சொல்லக்கூடாது."

"ஏன், கொலைக் கேஸா? சரி, எதுக்கு எவ்வளவு குறைச்சாங்கன்னாவது சொல்லு."

"அது சிஸ்டத்துல இருக்கு லா."

"அப்ப சிஸ்டத்தைக் கொஞ்சம் வெளியே வரச் சொல்லு. நான் பேசிக்கிறேன்."

விடைத்தாளின் நகல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருவதற்குள் ஷஃபீக் என் வகுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவான். ஆகவே உடனே எழுது. திருத்தியவர்கள் இருவரின் பெயர், அவர்கள் படித்த பள்ளி, குறைத்த ஒவ்வொரு அரை மதிப்பெண்ணுக்கும் காரணம், எல்லாம் வேண்டும்.

மோகனாவுக்கு என் அன்பு. இருவரும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு நூறு வயது வாழ என் ஆசிகள்.

உன் அக்கா,
திருமதி மரகதவல்லி சந்திரசேகரன்

பி.கு.: தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் மேசையிலேயே கிடந்ததில், நகல் வந்து சேர்ந்துவிட்டது. யாரோ ஒரு பிள்ளை எழுதியது என்று வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் திருத்தினேன். நகருக்குள் கார்களுக்குத் தடை விதிக்கலாமா, இரு தரப்பையும் ஆராய்க என்பது கேள்வி. அந்தப் பிள்ளை ஒரு பக்கம் முழுக்கத் தன் பள்ளிக்கூடத்தைப் புகழ்ந்துவிட்டு, மிச்ச மூன்று பக்கமும் தன் வீட்டு கேட்டை மறித்து கார் நிறுத்தும் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரைத் திட்டியிருக்கிறது. டாக்டர் தரப்புக்கு ஒரு வரி இல்லை. நான்கு போட்டேன். மறுபடி தேர்வு எழுதும்வரை வகுப்பை அதிராவுக்குக் கொடுக்கும்படி ஷஃபீக்கிடம் நானே சொல்லிவிட்டேன். ஆனால் நோட்டீஸை மட்டும் நிறுத்தாதே. மீதி ஒன்றரையை எதற்காகப் போட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.