ஆறுதல் அக்காவின் யோசனைகள்

ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவன் நான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஆனால் என்னைப் பார்க்கத்தான் என் மனைவிக்கு நேரமில்லை. நான்கு மாதமாக அவள் கண் போனை விட்டு நகரவில்லை.

"மீசையை எடுத்துட்டேன், கவனிச்சியா?"

"ம்."

"எடுக்கவே இல்லடி."

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

அன்று கடையில் லென்ஸ் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன். சத்தியமாக அழுகை வந்தது. இதற்கு ஒரு முடிவு கட்டியே தீருவது என்று தீர்மானித்தேன். முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும்? நானும் போனை எடுத்தேன்.

முகநூலில் 'ஆறுதல் அக்கா' என்று ஒரு பக்கம். முகம் காட்டாத அந்த அக்கா குடும்பச் சிக்கல்களுக்கு யோசனை சொல்வதில் கெட்டிக்காரி. பேர் போடாமல் எழுதினேன். நம்பிக்கை வரட்டும் என்று மீசைக் கதையையும் சேர்த்தே எழுதினேன்.

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. "தம்பி, பாத்திரத்தை நீங்க தேய்ங்க. அவங்க மனசு லேசாகும்."

தேய்த்தேன். மனைவி நிமிரவில்லை. மறுபடி எழுதினேன்.

"துணியையும் துவைங்க தம்பி. காலரை மட்டும் கையால கசக்குங்க."

கசக்கினேன். அடுத்த யோசனை, மாமியாரிடம் வாரம் ஒருமுறை அன்பாகப் பேச வேண்டுமாம். பேசினேன். முக்கால் மணி நேரம், அவர் முழங்காலைப் பற்றி மட்டும்.

அப்போதும் மனைவி டைப் அடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"யாருக்குடி இவ்வளவு நீளமா?"

"பாவம், ஒரு மனுஷன். வீட்டுல பிரச்சனையாம்."

"நல்லதா நாலு வார்த்தை சொல்லு."

"சொல்லிட்டுத்தான் இருக்கேன். மறுபேச்சில்லாம கேட்டு நடக்கிறார்."

யாரோ ஒருவன்மேல் இவ்வளவு அக்கறை! எனக்கு வயிறெரிந்தது.

ஒரு மாதம் ஓடியது. வீடு பளபளத்தது, நான் துரும்பாய் இளைத்தேன். ஒட்டடை அடித்த கையோடு கடைசியாக ஒரு கடிதம் எழுதினேன்.

"அக்கா, நீங்க சொன்னது ஒண்ணு விடாம செஞ்சாச்சு. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அவ அந்தப் போனைக் கீழே வச்சுட்டு என்கூட அஞ்சு நிமிஷம் பேசணும். அதுக்கு வழி சொல்லுங்க."

உடனே பதில் வந்தது.

"என்னங்க, நீங்க லெட்டர் போடறதை நிறுத்துங்க. நான் போனைக் கீழே வைக்கிறேன்."