ரொறன்ரோ மாப்பிள்ளையும் என் புவியியலும்

கொஞ்சம் படித்தவனால் பெரிய ஆபத்தில்லை. அவன் படித்ததை வீட்டார் நம்பிவிட்டால்தான் ஆபத்து. உயர்தரப் பரீட்சையில் புவியியலில் திறமைச் சித்தி எடுத்த நாளிலிருந்து, பேசாலையில் எங்கள் வீட்டுக்கு உலகம் என்றால் நான்தான். (வீட்டில் வேறு எவரும் உயர்தரத்தின் பக்கமே போகவில்லை என்பது வேறு கதை.)

அப்போது சமாதான காலம், கொழும்புப் பாதை திறந்திருந்தது. அக்கா ரெஜினாவுக்குக் கனடாவிலிருந்த ஜூட்டைப் பேசியிருந்தார்கள். இருவரும் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். நேரில் பார்த்துப் பிடித்தால்தான் கல்யாணம் என்று அவர் சொல்லிவிட்டார். ரொறன்ரோவில் விமானம் ஏறும் நேரத்தையும், லண்டனில் மாறிக் கட்டுநாயக்கா வர இருபது மணித்தியாலம் ஆகும் என்பதையும் தொலைபேசியில் சொன்னார். மிச்சக் கணக்கு என் பொறுப்பு.

ஏறும் நேரத்தை எங்கள் நேரத்துக்கு மாற்றி, இருபதைக் கூட்டினேன். விடிய ஐந்து மணி வந்தது. அதோடு பேனாவை மூடியிருக்கலாம். ஆனால் கனடா எங்களுக்குப் பின்னால் அல்லவா? மாற்றிய நேரத்தை மறுபடியும் மாற்றி, இன்னொரு பத்து மணித்தியாலத்தைக் கூட்டி, பின்னேரம் மூன்று மணி என்று அறிவித்தேன்.

ஜூட்டின் தாய் மட்டும் தயங்கினார். "எதுக்கும் வெள்ளனப் போய் நிப்பமே, தம்பி?"

"பூமி எங்களுக்காக வெள்ளனச் சுத்தாது, மாமி" என்றேன்.

விடிந்ததும் அம்மா, மாமி, நான், ஒரு பூமாலை என்று வாடகை வானில் புறப்பட்டோம். மடுச் சந்தியில் மாதாவை மன்றாடிவிட்டு, மத்தியானத்துக்கே விமான நிலையம் போய்விட்டோம். மூன்று மணிக்கு யாரும் வரவில்லை. நான்கு மணிக்கு அங்கிருந்த உத்தியோகத்தரை விசாரித்தேன். அந்த விமானம் காலையிலேயே வந்துவிட்டதே என்றார். நான் அவருக்கும் பூமி சுற்றுவதை விளக்கத் தொடங்கினேன். அவர் வாடிய மாலையைப் பார்த்துவிட்டு, பாவம் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மாமி கதிரையில் இருந்தபடியே செபமாலையை எடுத்தார். "ரோசக்காரப் பிள்ளை. திரும்பிப் போயிருப்பான்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தேன். அக்காவைக் கூப்பிட்டுத் தந்தார்கள்.

"மாப்பிள்ளை இஞ்ச சாப்பிட்டிட்டுப் படுத்திருக்கிறார்" என்றாள். "நீங்கள் எங்க நிக்கிறியள்?"

ஜூட் காத்திருந்து பார்த்துவிட்டு, ஒரு வானைப் பிடித்து நேரே எங்கள் வீட்டுக்கே போயிருக்கிறார். தொப்பியும் அரைக் காற்சட்டையுமாக இறங்கியவரை, படகு இன்ஜின் கொடுக்க வந்த தொண்டு நிறுவனக்காரர் என்று நினைத்து, அப்பா இருத்திவைத்துத் தன் இன்ஜினின் வருத்தமெல்லாம் சொல்லியிருக்கிறார். தலை நிறைய எண்ணெயும் கை நிறைய மீன் செதிலுமாக வந்த அக்கா, "போன முறையும் உங்கட ஆக்கள் வந்து இளநி குடிச்சுப் படம் எடுத்திட்டுப் போனவை. இன்ஜினைக் காணேல்லை" என்று சீறியிருக்கிறாள். படத்தில் குனிந்த தலையோடு இருந்த பெண் இப்படிக் கதைப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லையாம். பிறகுதான் மெதுவாகத் தன் பெயரைச் சொன்னாராம்.

அடுத்த மாதமே கல்யாணம். அப்பாவுக்கு இன்ஜினும் வந்தது.

இப்போது எங்கள் சொந்தத்தில் யார் விமானம் ஏறினாலும், நேரத்தை எனக்கு மட்டும் சொல்வதில்லை. சென்ற வருடம் அக்காவின் மகள் முதல் முறையாகத் தனியாக வந்தாள். என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமா, என்னைக் கூட்டிவர வெளிக்கிட்டிடாதேங்கோ" என்றாள். "நான் வந்து ரெண்டு நாளாச்சு."