கார் இல்லாத கார்க்கார அண்ணை

கார் ஒன்று இல்லாமலே வாரம் தவறாமல் காருக்குச் சேர்விஸ் செய்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் மன்னாரில், எங்கள் வீட்டுக்கு முன்வீட்டில் இருக்கிறார். சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது. கார்க்கார அண்ணை என்றால் தெருநாயும் வழிகாட்டும்.

சனிக்கிழமை காலையில் வாசலில் சாக்கு விரிப்பார். துவாய்த் துண்டுக்குள்ளிருந்து டிஸ்ரிபியூட்டரை எடுப்பார். பழைய மொறிஸ் மைனர் என்ஜினில் ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி நெருப்புப் பொறியை அனுப்பிவைக்கிற, ஒரு தகரப் பேணி அளவான சாமான் அது. மூடியைக் கழற்றி, பொயின்ற்றைச் சின்ன அரத்தால் உரசி, சிகரெட் மட்டையைச் செருகி இடைவெளி பார்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அச்சைச் சுழற்றிக் காதில் வைத்துக் கேட்பார். நோயாளியாகக் கட்டிலில் கிடந்த அவருடைய மனைவி றீத்தாக்கா ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார்.

“அண்ணை, கார் எங்க?” என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்பான்.

“எங்கையோ நிக்குது. இது என்னட்டை இருக்க, ஆர் அதை அசைக்கிறது?”

சண்டைக் காலத்தில் அவர் தன் மொறிஸ் மைனரில் வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடியவர். இந்தியாவுக்குப் படகேறும்போது, காரை எவனும் கொண்டுபோகக் கூடாதென்று கிளாம்ப்பைத் தளர்த்தி இதைப் பிடுங்கிக்கொண்டு போனார். நடுக்கடலில் படகுக்குள் தண்ணீர் ஏறியது. பாரத்தைக் குறைக்கச் சொன்னார் படகோட்டி. றீத்தாக்காவின் தையல் மெசின் கடலுக்குள் போனது. டிஸ்ரிபியூட்டர் அண்ணையின் சாரத்து மடிக்குள் பத்திரமாக இருந்தது. அகதி முகாமில் அக்கா கையால் தைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். அண்ணை சேர்விஸ் செய்தார்.

திரும்பி வரும் வழியில் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் துவாயை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, “மே மொகக்த?”, இது என்ன என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தான். குண்டென்று நினைத்துவிட்டான், பாவம். இது என்னவென்று சொல்ல அண்ணைக்குச் சிங்களம் வராது. அங்கேயே குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டி, திருப்பிப் பூட்டியும் காட்டினார். வரிசையில் நின்ற சனம் வெயிலில் வதங்கியது. கடைசியில் ஆமிக்காரன் கும்பிட்டு அனுப்பிவைத்தான்.

ஊருக்கு வந்தால் காரைக் காணோம். “வேற ஒண்டைப் பூட்டி ஓட்டிக்கொண்டு போயிருப்பாங்கள் அண்ணை” என்று வாயை வைத்துக்கொண்டு இருக்காமல் சொல்லிவிட்டேன். கனநாள் என்னோடு கதைக்கவில்லை. நான் சொன்னது உண்மையென்றால், அக்காவின் மெசின் வீணாகத்தானே கடலுக்குள் போனது? அதைத்தான் அந்த மனிதரால் தாங்க முடியவில்லை.

போன வருசம் நறுவிலிக்குளம் என்ற ஊரில் ஒரு மொறிஸ் மைனர் கிடப்பதாகக் கேள்விப்பட்டு ஓட்டோ பிடித்துப் போனோம். கார்க் கூட்டுக்குள் கோழிகள் அடைகிடந்தன. உள்ளே அண்ணை ஒட்டிய மாதா படம் பாதி கிழிந்து இருந்தது. அவருடைய கார்தான்.

“என்ஜின் வயலிலை தண்ணி இறைக்குது ஐயா” என்றார் வயல்காரர். “நான் வாங்கேக்கை கார் நல்லா ஓடினது.”

அண்ணை வரப்பில் நின்று கேட்டார். என்ஜின் இருமி இருமி ஓடியது.

“ரைமிங் பிந்திக் கிடக்கு” என்றார். வயல்காரரிடம் திருகுசாவி வாங்கி, அதில் பூட்டியிருந்த வேறு டிஸ்ரிபியூட்டரைத் தளர்த்தி, மயிரிழை திருப்பி இறுக்கினார். இருமல் நின்றது. தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. தன் துவாயை அவர் அவிழ்க்கவேயில்லை.

ஓட்டோவுக்குள் குழந்தை மாதிரி அழுதார். “நான் அவளுக்கு என்னெண்டு சொல்லுவன்?”

சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். “றீத்தா, இது இல்லாமலே கார் ஓடியிருக்கு. உன்ர மெசினை நான் வீணாக் கடலிலை போட்டிட்டன்.”

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது.

“கார்க்காரன்ர பெண்சாதிக்கு, வேற ஒண்டு பூட்டலாமெண்டு தெரியாதோ? அண்டைக்கு அதைக் கடலிலை போட்டிருந்தா நீங்களும் பின்னாலை குதிச்சிருப்பியள். அதுதான் மெசினை நானே தூக்கிக் குடுத்தனான்.”

மாரி மழை தொடங்க முதல் றீத்தாக்கா போய்விட்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் அண்ணை சாக்கு விரிப்பதில்லை. நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருக்கிறேன். அவர் அக்காவின் வெறும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். எனக்கு எழும்பி வர மனம் வருவதில்லை.