ஸ்டவ் வாசர் தூக்கிய கூரை

இந்த வருஷம் மழைக்கு முன்னாடி கூரையைச் சரிபண்ணியே தீருவேன் என்று என் பெண்டாட்டி முருகம்மாளிடம் சத்தியம் செய்தேன். எந்தக் கூரை என்று சொல்லவில்லை.

தாராவியில் நான் மெக்கானிக்காக இருக்கிற கராஜுக்குப் பின்னாடிதான் எங்கள் குடிசை. அதுவும் முதலாளி கொடுத்தது. போன மழைக்குத் தகரம் ஒழுகி, கைக்குழந்தைக்கு மார்ச்சளி கட்டி, சயான் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிழைக்குமா என்றே ஆகிவிட்டது. அன்றிலிருந்து முருகம்மாள் கூரை கூரை என்று என் உயிரை எடுக்கிறாள். நியாயம்தான். ஆனால் என் உயிரை ஏற்கெனவே வேறொரு கூரை எடுத்துக்கொண்டிருந்தது.

கராஜுக்கு ரிப்பேருக்கு வந்திருந்த ஜஹாங்கீர் சேட்டின் அமெரிக்கக் கார். பட்டனை அமுக்கினால் துணிக்கூரை தானே எழுந்து மூடும். மூடினால்தானே! தூக்கிவிடும் சிலிண்டர் ரெண்டும் கசிந்து, பின் சீட்டெல்லாம் எண்ணெய். உள்ளே எண்ணெயை அடைத்து நிறுத்தும் சீல் தேய்ந்துவிட்டது. இறக்குமதிக்குத் தடை. பம்பாய் முழுக்க அலைந்தும் சாமான் கிடைக்கவில்லை.

"மழைக்குள்ள கூரை மூடலேன்னா குடிசையக் காலி பண்ணு, பூதத்தான்" என்றார் முதலாளி.

அப்போதுதான் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ் கண்ணில் பட்டது. பம்புத் தண்டின் முனையில் குழிந்த தோல் வாசர். அளவெடுத்த மாதிரி இருந்தது! ஒன்று எங்கள் ஸ்டவ்வில் கழற்றினேன். இன்னொன்று பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் ஸ்டவ்வில், அவள் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து. எண்ணெயில் ஊறவைத்து, சிலிண்டருக்கு ஒன்றாக மாட்டினேன். கூரை ராஜா மாதிரி எழுந்தது. ஒரு சொட்டுக் கசியவில்லை. "சீமைச் சீல்" என்று சேட்டிடம் அளந்துவிட்டேன்.

வீட்டில் முருகம்மாள் ஸ்டவ்வை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பம்படிச்சா காத்தே ஏறலியே. வாசரு எங்க?"

"எலி கொண்டுபோயிருக்கும்ட்டி."

"முப்பிடாதி அக்கா வாசரையுமா?"

"பெரிய எலி போல."

"அந்த எலிதான் சேட்டு கூரையத் தூக்குதாக்கும்?"

நான் கராஜுக்கு நழுவினேன்.

மறுநாள் மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. குடிசைக்கு ஓடினேன். உள்ளே தண்ணீர்தான் இருந்தது, ஆள் இல்லை. பதறிப்போய் கராஜுக்கு ஓடினேன். கூரை மூடிய காருக்குள் முருகம்மாள், குழந்தை, டிரங்குப்பெட்டி. முன் சீட்டில் சோற்றுப்பானையோடு முப்பிடாதியம்மாள்.

"ஏட்டி, எறங்கு! சேட்டு பாத்தா எம் பொழப்பு போச்சு!"

"இந்தப் பக்கம் தூக்குறது எம் வாசரு. அந்தப் பக்கம் அக்கா வாசரு. களத்திக் குடுங்க, எறங்குதோம்."

"அதான" என்றாள் முப்பிடாதியம்மாள்.

பின்னாலேயே குடையோடு சேட் வந்து நின்றார். முருகம்மாள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள்:

"சேட், டெஸ்டிங். பானி அந்தர் ஆத்தா க்யா, தேக்தா." தண்ணீர் உள்ளே வருதா என்று பார்க்கிறார்களாம்.

சேட் தலையை உள்ளே விட்டு சீட்டைத் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"சபாஷ் பூதத்தான்! குடும்பத்தையே உக்கார வச்சுப் பாக்குறியா? மழை விடற வரைக்கும் இருக்கட்டும். அப்புறமா எடுத்துக்கறேன்" என்று போய்விட்டார்.

கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டேன். மழைச் சத்தம் கேட்டாலே இருமுகிற பிள்ளை, இருமாமல் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தலையிலிருந்து தண்ணீர் வழிய நின்றேன்.

"ஏட்டி, எனக்கும் கொஞ்சம் எடம் விடேன்."

"ஒங்க வாசரு எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள்.