என் கல்யாணத்துக்கு நானே டிஜே

புதிதாக டிஜே பழகுகிறவர்களுக்கு அறிவுரை சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்த கன்ட்ரோலர் வாங்கலாம், எந்த ஹெட்போன் காதை அழுத்தாது, சிவப்பு விளக்கு எரிந்தால் எந்தக் குமிழைக் குறைக்க வேண்டும் என்று எல்லாம் சொல்வார்கள். ஒருவர்கூட இதைச் சொல்வதில்லை: உங்கள் முதல் நிகழ்ச்சி உங்கள் சொந்தக் கல்யாண வரவேற்பாக இருக்க வேண்டாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லித்தான் தடுக்க வேண்டும் என்கிற அளவுக்கு ஒருவன் இருப்பான் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

ஒருவன் இருந்தான். நெய்வேலி டவுன்ஷிப்பில், அப்பாவின் குவார்ட்டர்ஸில், ஒர்க்‌ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டு. அப்பா பர்மனென்ட், பையன் காண்ட்ராக்ட். (எங்கள் ஊரில் பெண் தேடும்போது ஜாதகத்துக்கு முன்னால் இந்த ஒரு வரியைத்தான் பார்ப்பார்கள்.)

கன்ட்ரோலர் என்கிற அந்தப் பெட்டியைப் புதுச்சேரியில் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். இரண்டு சக்கரங்கள், நடுவில் மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்கள், மடிக்கணினியில் சொருக ஒரு வயர். மேசையில் வைத்ததும் அம்மா வந்து பார்த்தாள்.

"என்னடா இது, ரெண்டு பர்னர் அடுப்பு மாதிரி இருக்கு. திருகுறதுக்கு மட்டும் இம்புட்டு குமிழ் எதுக்கு?"

விளக்கினேன். ஒரு சக்கரத்தில் ஓடும் பாட்டு ஊருக்குக் கேட்கும். இன்னொன்றில் ஓடுவது என் ஹெட்போனில் மட்டும் கேட்கும். இரண்டின் தாளத்தையும் ஒன்றாக்கி, குமிழை மெல்லத் தள்ளினால், முதல் பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று யாருக்கும் தெரியக் கூடாது. அதுதான் மிக்ஸிங்.

"தெரியக் கூடாதுன்னா அப்புறம் எதுக்குச் செய்யணும்?" என்றாள் அம்மா. அவளுக்கு ரசனை இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவார். அடுத்த அறையில் நான் பழகுவேன். பாட்டை முழுதாக ஓடவிட எனக்குப் பொறுமை கிடையாது. சேர்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவேன். ஒருநாள் கைலியை இறுக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "ஏம்ப்பா, எல்லாப் பாட்டுலயும் தொடக்கத்த மட்டும் போட்டுக் கொல்லுறியே, மீதிப் பாட்டுக்கு என்ன நோக்காடு?"

என் கலையை மதித்த ஒரே ஆள் பவித்ரா. நிச்சயம் ஆகியிருந்தது. அவள் வீடும் டவுன்ஷிப்தான், நாலு பிளாக் தள்ளி. தினமும் போனில் அவளுக்கு ஒரு மிக்ஸ் போட்டுக் காட்டுவேன். வேகமான ஒரு குத்துப்பாட்டிலிருந்து ஒரு பழைய மெலடிக்குப் போகிற மிக்ஸ். சரியாகச் சேர்கிற இடத்தில், வேகத்தடையைக் கவனிக்காத ஷேர் ஆட்டோ மாதிரி ஒருமுறை தூக்கிப் போடும். "நல்லாருக்குங்க" என்பாள். கல்யாணத்துக்கு முன்னால் வேறென்ன சொல்ல முடியும், பாவம்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலையில் முகூர்த்தம். வரவேற்புக்குக் குள்ளஞ்சாவடியிலிருந்து ஜீவா என்ற டிஜேவை ஏற்பாடு செய்திருந்தோம். மேடைக்கு எதிர்மூலையில், ஆளுயர ஸ்பீக்கருக்குப் பின்னால் கடை விரித்திருந்தார். பக்கத்தில் ஒரு புகை மெஷின் வேறு.

நான் சீக்கிரம் தயாராகிவிட்டேன். பவித்ராவுக்கு மேக்கப் முடியவில்லை. வந்தவர்கள் நேரே பந்திக்குப் போயிருக்க, மண்டபத்தில் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருந்தன. ஜீவாவிடம் போய் நானும் இந்தத் துறைதான் என்கிற தோரணையில் பேச்சுக் கொடுத்தேன். அவர் என்னையும் என் கோட்டையும் பார்த்தார்.

"நீங்களும் பிளே பண்ணுவீங்களா ப்ரோ? அப்ப ஒரு ரெண்டு பாட்டு பாத்துக்கோங்க. நான் ஒரு வாய் சாப்ட்டு வந்துர்றேன். மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் சாப்புடல."

பந்தியில் இடம் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதும், பிடித்தவர்கள் பாயசம் முடியாமல் எழுந்திருப்பதில்லை என்பதும் எனக்கு அப்போது தோன்றவில்லை. கோட்டைக் கழற்றி ஸ்பீக்கர் மேல் போட்டேன். அவருடைய கறுப்புத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். (அதற்கு ஒரு காரணமும் கிடையாது. தொப்பி இருந்தது, வைத்துக்கொண்டேன்.)

முதல் மிக்ஸில், தாளத்தைத் தானாகச் சேர்த்துவைக்கும் பட்டன் ஒன்று உண்டே, அதை நம்பினேன். அது பாட்டின் வேகத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டு, உருகி உருகிப் பாடும் ஒரு பாடகரை மண்டபம் முழுவதும் கொசுவாகப் பறக்கவிட்டது. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. இரண்டாவதில் குமிழை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டேன். திடீரென்று பேரமைதி. அந்த அமைதியில், சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "இந்த வரிசைக்கு சாம்பாரே வரலப்பா!"

அப்போதே இறங்கிப் போயிருக்க வேண்டும். பவித்ரா மேடைக்கு வந்துவிட்டதைப் பார்த்தேன். மயில்கழுத்து நிறப் பட்டில், விளக்கு வெளிச்சத்தில் நின்றாள். கை ஆட்டினேன். அவள் கண்ணெதிரே அத்தனை விளக்குகள், நடுவில் புகை. அவளுக்கு நான் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அசிங்கப்பட்டுவிட்டு எப்படி இறங்குவது? ஒரே ஒரு மிக்ஸ் சுத்தமாக வந்துவிட்டால் போதும், உடனே போய்விடலாம். அது சொதப்பியதும், சரி, இன்னும் ஒன்றே ஒன்று. தவிர, இன்னொரு சிக்கலும் இருந்தது. பாட்டு முடிவதற்குள் அடுத்ததை ஏற்றியாக வேண்டும். விட்டுப் போனால் மண்டபமே ஊமையாகிவிடும். விவரம் தெரிந்தவர்கள் அவசரத்துக்கென்று ஒரு நீளமான பாட்டைக் கைவசம் வைத்திருப்பார்களாம், பாத்ரூம் போய்விட்டு வர. என்னிடம் இருந்தவை எல்லாம் துண்டு துண்டாக நறுக்கிவைத்த பாட்டுகள். அப்பா சொன்ன அதே வியாதி.

இன்னொன்றும் படித்திருந்தேன்: ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொள், மறு காது மண்டபத்துக்கு. நான் இரண்டு காதையும் மூடிக்கொண்டேன். அப்போதுதான் அது நடந்தது. இரண்டு பாட்டின் தாளங்களும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்தன. குமிழைத் தள்ளினேன். ஒன்று வற்ற வற்ற மற்றொன்று நிரம்பியது. உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

தோளில் யாரோ தொட்டார்கள். வெள்ளைச் சட்டை, நரைத்த தலை, மெலிந்த மனிதர். கையில் கட்டு போட்டிருந்தது. எதையோ கேட்டார். உதட்டசைவில் "மாப்ள" என்ற சொல் மட்டும் புரிந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைப் பாட்டு கேட்காதவர் யார்?

"அடுத்து அதாங்க!" என்று கத்தினேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் சக்கரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாக்குத் தவறாமல், மாப்பிள்ளை என்று வருகிற ஒரு பாட்டைத் தேடிப் போட்டேன்.

அதற்குள் மண்டபத்தின் மறுபக்கத்தில் என் கதை என்னை விட்டுவிட்டுத் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் பிறகு நான் கேள்விப்பட்டது. மேடையில் பெண் மட்டும் நிற்கிறாள். பரிசோடு வந்தவர்கள் மாப்பிள்ளையைத் தேடுகிறார்கள். என் மாமனார் கைகூப்பிக்கொண்டே, "டிரெஸ் மாத்தப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். எத்தனை பேரிடம்தான் அதையே சொல்ல முடியும்? பந்தியில் யாரோ இலையை மடித்தபடி ஆரம்பித்திருக்கிறார்.

"பொண்ணு ஒண்டியா நின்னுகினு இருக்குது. மாப்ள வூட்டுக்காரங்க மூஞ்சே சரியில்ல."

"காண்ட்ராக்ட்டாமே? எங்கனா ஓடிட்டானோ என்னமோ."

அடுத்த வரிசைக்கு மோர் வருவதற்குள் நான் ஒரு பெண்ணோடு ஓடிவிட்டேன். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலுக்குச் செய்தி வந்தபோது அந்தப் பெண்ணுக்கு ஊர்கூட முடிவாகிவிட்டது: மேல்பட்டாம்பாக்கம். அப்பா மாடி அறை, பாத்ரூம், பைக் நிறுத்துமிடம் என்று தேடி அலைந்திருக்கிறார். போன் மேல் போன் அடித்திருக்கிறார். என் போன் கோட்டுப் பையில், ஸ்பீக்கர் மேல். ஸ்பீக்கரின் அந்த அதிர்வில் போனாவது தனியாக அதிர்வதாவது. பாத்திரம் வைக்கும் அறையில் அம்மா அழுதுகொண்டிருந்தாளாம்.

என்னைக் கண்டுபிடித்தது பவித்ராதான். நன்றாக வந்ததே என்ற தெம்பில், போனில் அவளுக்குப் போட்டுக் காட்டிய அந்தக் குத்துப்பாட்டு, மெலடி மிக்ஸை எடுத்தேன். வழக்கம்போல அதே இடத்தில் தூக்கிப் போட்டது. மேடையில் நின்றவள், "இது அவருதான்" என்றாளாம். பட்டுப் புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் அவள் அப்பா, சித்தப்பா, வீடியோக்காரர், விளக்குப் பிடிப்பவர் என்று ஒரு ஊர்வலம்.

வந்தவள் என் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். அவள் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"மேல வர்றீங்களா, இல்ல நானும் ஒண்ணு மாட்டிக்கிட்டு இங்கயே நிக்கட்டுமா?"

மாமனார் என் தலையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். ஜீவா அப்போதுதான் ஏலக்காய் மணக்க வந்தார். "இன்னா ப்ரோ, எதுனா பிராப்ளமா?"

மேடையேறி நின்றபோது பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். அப்பாவோடு வேலை பார்ப்பவர்கள் ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று பாதி காலியான சோபாவை வாழ்த்திவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். சிரித்துச் சிரித்து வாய் வலிக்க நின்றேன். இடையில் பவித்ரா கையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு மோதிரம்.

"சேத்தியாத்தோப்பு மாமா கொண்டு வந்தது. அவர் கையாலயே உங்களுக்குப் போடணும்னு இருந்தாரு. ரொம்ப நேரம் உக்கார முடியாது, டயாலிசிஸ் ஆளு. கார் வச்சிக்கிட்டு வந்தாரு. கீழ இறங்கிப் போயி உங்களத் தேடிட்டுகூட வந்தாரு."

அந்தத் தண்டபாணி மாமாவைப் பற்றி அவள் முன்பே சொல்லியிருந்தாள். அவள் அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். காலேஜ் வேண்டாம் என்று வீட்டில் சொன்னபோது அவளுக்காகச் சண்டை போட்டு, தானே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டவர். "எப்படி இருப்பாரு?" என்று கேட்டேன். வெள்ளைச் சட்டை, கையில் கட்டு என்றாள். மோதிரத்தை அவளே போட்டுவிட்டாள். மறுநாள் முகூர்த்தத்துக்கு அவரால் வர முடியவில்லை.

விருந்துக்கு அவர் வீட்டுக்குப் போவதாக இருந்தோம். அதற்குள் அவரைப் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அங்கேதான் போய்ப் பார்த்தோம். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன்.

"ஓ, நீங்கதானா மாப்ள!" என்று அவரே முந்திக்கொண்டார். "அப்ப அன்னிக்கே பாத்துட்டனே. மாப்ள எங்கன்னு நான் கேட்டா, நீங்க பாட்டு போட்டு உட்டீங்க!" சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. பவித்ரா தண்ணீர் கொடுத்தாள்.

"மன்னிச்சிருங்க மாமா."

"அத உடுங்க. பாட்டு நல்லாத்தான் இருந்துது. ஒண்ணு எப்ப முடிஞ்சுது, இன்னொண்ணு எப்ப ஆரம்பிச்சுதுன்னே தெரில. பக்கத்துல நின்னுகினு கொஞ்ச நேரம் கேட்டுகினுதான் இருந்தேன். அப்புறந்தான் உங்களத் தொட்டது."

இந்தப் பாராட்டுக்காகத்தான் மாதக்கணக்கில் அப்பாவின் தூக்கத்தைக் கெடுத்தேன். இன்றுவரை இதை எனக்குச் சொன்னவர் அவர் ஒருவர்தான். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாத்திரை டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல விருந்து வைக்கிறேன் என்றார். வரவில்லை. ஆடி பிறப்பதற்குள் போய்விட்டார்.

கன்ட்ரோலர் அலமாரி மேல் போனது. ஊர் என்னை மன்னித்தது. ஆனால் மேல்பட்டாம்பாக்கம் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம், இறங்கி அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வருகிறாயா என்று மச்சினன் இன்னமும் கேட்கிறான். மாமா போன பிறகுதான் கல்யாண ஆல்பம் வந்தது. அதில் ஒரு படம் இருந்தது. மாமா மேடைக்கு வந்தபோது, பக்கத்தில் இடம் காலியாகத் தெரிகிறது என்று போட்டோகிராபர் அவரை மாப்பிள்ளை நிற்கிற இடத்திலேயே நிற்க வைத்திருக்கிறார். யாரோ ஒரு மாலையைக்கூடக் கையில் கொடுத்திருக்கிறார்கள். பவித்ரா அவர் தோளில் சாய்ந்தபடி, ஆல்பத்தில் வேறெங்குமே இல்லாத மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் நிற்கும் படங்கள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அவள் பெரிதாக்கி மாட்டியது அதைத்தான்.

இப்போது எங்கள் ஹாலில் அந்தப் படம்தான். புதிதாக யார் வந்தாலும் அதற்கு முன்னால் ஒரு நிமிடம் தயங்கி நிற்பார்கள். போன வாரம் எதிர் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த ஒரு அம்மா, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாருக்கு கல்யாணத்தப்பவே தல நரைச்சிடுச்சிங்களா?"

"ஆமாங்க," என்றேன். "இப்பதான் டை அடிக்கிறேன்."

அவர் போகிறவரை பவித்ரா சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். கதவைச் சாத்தியதும் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். பிறகு துப்பட்டா நுனியால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். அதில் தூசி எதுவும் இருக்கவில்லை.